நடமாடும் வீட்டில் தொலைக்காட்சி



பூனா நகரிலிருந்து பம்பாய் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி ஆகிய ஊர்களைக் கடந்தால் நிக்டி வருகிறது. துக்காராம் முனிவரும் சிவாஜி மன்னரும் எதிரெதிர் நிற்கும் பெரிய சிலைகளைக் கொண்ட பக்தி-சக்தி சதுக்கம் இங்கேதான் இருக்கிறது. சரக்கு வண்டிகள் வந்து தங்கும் டிரான்ஸ்போர்ட் நகரும் இவ்வூரின் பகுதியே. ஆலைகளில் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இரண்டு மூன்று தலைமுறைகளாக இச்சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் நான்கு குடும்பத்தினராகிய நாங்கள், சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு சிறு சோதனையை எதிர்கொண்டோம். அந்த அனுபவத்தையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

எங்களுள் ஒரு வீட்டில் எண்பத்திரண்டு வயது நிரம்பிய பாட்டியம்மாள் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலே பிறந்தவர். இடுப்பெலும்பு முறிந்து தேறிய பிறகு ரயிலின் படி ஏறவோ, ஒரே இருக்கையில் நெடுநேரம் அமரவோ அவரால் இயலவில்லை. கொள்ளுப்பேரனுக்குக் காது குத்தும் விழா ஊரிலே நடைபெற இருந்தது. ‘ஒரு தடவை ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்’ என்பது அவருடைய ஆசை. படுக்கை, கழிப்பறை, சிறு சமையல் மேடை ஆகியவை பொருத்திய நடமாடும் வீடு ஒன்றை, அதாவது திரைப்படத்துறையின் வாயிலாக நாம் நன்கு அறிந்த ‘கேரவன்’ வண்டியை, வாடகைக்கு அமர்த்துவது என்று முடிவாயிற்று. நிக்டியிலிருந்து திருநெல்வேலி 1,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. நாளொன்றுக்குச் சிறிது தூரமே சென்று, இரவுதோறும் வழியில் தங்குவது எங்கள் திட்டம்.

அப்பொழுதுதான் ஓர் ஐயம் எழுந்தது. பாட்டியம்மாளுக்கு நினைவு சற்றே தளர்ந்துவிட்டது. பகலில் தெளிவாக இருப்பார். அந்தி மயங்கியதும், “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று கலங்கத் தொடங்குவார். அந்த வேளையில் தொலைக்காட்சியிலிருந்து தமிழ்க் குரல் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தால் அமைதி கொள்வார். செய்தியா, பாட்டா, கதையா என்பதை அவர் பெரிதாகக் கவனிப்பதில்லை. தமிழ் காதில் விழுந்தால் போதும். மொழி தெரியாத ஊர்களின் ஓரத்தில், இருளில் நிற்கும் வண்டிக்குள், அந்தக் குரல் இல்லாமல் இரவைக் கழிப்பது எவ்வாறு? ஆகவே, வண்டியில் தொலைக்காட்சி என்பது எங்களுக்கு ஆடம்பரமாகத் தோன்றவில்லை. மருந்துப் பெட்டியைப்போல் உடன் எடுத்துச் செல்லவேண்டிய ஒரு பொருளாகவே தோன்றியது.

வண்டியில் தொலைக்காட்சி அமைக்க விரும்புவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, அந்தக் காட்சி எங்கிருந்து வருகிறது என்பதுதான். நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சில நிற்கின்றன. நிற்கின்றன என்பது நம் கண்ணுக்குத் தோன்றும் தோற்றமே. உண்மையில் பூமி தன்னைத்தானே சுற்றும் அதே கால அளவில் அவையும் சுற்றுவதால், வானில் ஒரே இடத்தில் நிலைத்திருப்பனபோல் காணப்படுகின்றன. கட்டணமின்றிக் கிடைக்கும் தூர்தர்ஷனின் ‘ஃப்ரீ டிஷ்’ சேவை, 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ‘டி.டி. டைரக்ட் பிளஸ்’ என்னும் பெயரில் தொடங்கியது. இன்று அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 என்னும் கோளிலிருந்து வருகிறது. அக்கோள் 2015 நவம்பரில் ஏவப்பட்டது.

பூனா மாவட்டத்திற்கும் செயற்கைக்கோளுக்கும் பழைய உறவு உண்டு. நாராயண்காவுக்கு அருகிலுள்ள ஆர்வி என்னும் சிற்றூரில், 1971ஆம் ஆண்டு பிப்ரவரியில், வெளிநாடுகளுடன் செயற்கைக்கோள் வழியே பேசுவதற்கான நிலத்தளம் திறக்கப்பட்டது. அதன் டிஷ் சுமார் 30 மீட்டர் விட்டமுடையது. பின்னர், 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் கோளைக் கொண்டு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். அந்தச் சிற்றூர்களில் கம்பிவலையால் செய்த 3 மீட்டர் டிஷ்கள் நிறுவப்பட்டன. இன்று 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. கோளிலிருந்து வரும் அலையின் வலிமை பெருகியதும், அலையின் நீளம் குறைந்ததும், நம் கருவிகள் நுட்பமடைந்ததும் இதற்குக் காரணங்கள். டிஷ் இவ்வாறு சுருங்கிய பிறகே, அதை ஒரு வண்டியில் ஏற்றிச் செல்லலாம் என்ற எண்ணம் சாதாரண மக்களுக்கு எழ முடிந்தது.

இனி, எவ்வகை அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம். நாங்கள் விசாரித்த அளவில் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, வண்டியின் கூரைமேல் கவிகை மூடியிட்டுப் பொருத்தும் தானியங்கிக் கருவி. மூடிக்குள் இருக்கும் சிறு டிஷ், மோட்டாரின் உதவியால் தானே சுழன்று கோளைத் தேடிப் பிடிக்கும். இவற்றுள் சில, வண்டி ஓடும்போதும் கோளை விடாமல் பின்தொடரும். வசதியில் இதற்கு இணையில்லை. ஆனால் விலை மிக அதிகம். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். மூடிக்குள் அடங்குவதற்காக டிஷ்ஷைச் சிறிதாக்கியிருப்பதால், மழைக்காலத்தில் விரைவில் சோர்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு வியாபாரி, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கவிகைக் கருவி ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். நாங்களும் முன்பணம் கொடுக்க ஆயத்தமாகிவிட்டோம். எங்களுள் மின்னணுத் துறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவர், நல்ல வேளையாக, ஒரு கேள்வி கேட்டார்: “இது வட்ட முனைவாக்கமா, நேர்கோட்டு முனைவாக்கமா?” வியாபாரி விழித்தார். அமெரிக்காவின் வீட்டுச் செயற்கைக்கோள் சேவைகள் அலையைத் திருகுபோல் சுழற்றி அனுப்புகின்றன. நம் நாட்டுச் சேவைகளோ, கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் நேர்கோட்டில் அதிரும் அலையை அனுப்புகின்றன. அந்நாட்டு அலைக்கென அமைத்த முகப்புக் கருவி இங்கே பயன்படாது. பெயரையும் பளபளப்பையும் கண்டு வாங்காமல், ‘இந்தியச் சேவைக்கு ஏற்றதா?’ என்று கேட்டு, இயக்கிக் காட்டச் சொல்லிய பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, கூரைமேல் டிஷ்ஷை நிலையாகப் பொருத்தி, உள்ளிருந்தே கைப்பிடியால் உயர்த்தவும் திருப்பவும் மடக்கவும் செய்வது. நடுத்தர விலையே ஆகும். ஆனால் கூரையில் துளையிட வேண்டும். துளையிட்ட இடத்தில் மழைநீர் கசியும். வாடகை வண்டியில் இதற்கு உரிமையாளர் இணங்க மாட்டார். சொந்த வண்டியாயினும், பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரம்பு விதித்திருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே கை வைப்பது நலம். மேலும், புறப்படும் அவசரத்தில் டிஷ்ஷை மடக்க மறந்தால், முதல் மரக்கிளையே அதைப் பறித்துக்கொள்ளும்.

மூன்றாவது வழி, முக்காலியில் நிறுத்தும் தனி டிஷ். வீட்டு மாடியில் நாம் காணும் அதே டிஷ்தான். வண்டி நின்ற பிறகு இறக்கி, தரையில் நிறுத்தி, கோளை நோக்கித் திருப்பி, கம்பியை வண்டிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். செலவு மிகக் குறைவு. உழைப்பு உண்டு. ஆயினும் இதற்கு மற்றவற்றில் இல்லாத ஒரு நன்மை இருக்கிறது. வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு, டிஷ்ஷை மட்டும் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வெட்டவெளியில் வைக்கலாம். நிழலும் காட்சியும் ஒருங்கே கிடைக்கும்.

நான்காவது, டிஷ்ஷே வேண்டாம் என்று கைப்பேசியின் இணையத்தை நம்புவது. நகரங்களுக்கு அருகில் இது எளிது. ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ ஒரு ஜி.பி. செலவாகும். ஆனால் மலைப்பகுதிகளிலும், சாலையோரக் காட்டுப் பகுதிகளிலும் தொடர்பு அறுந்துவிடும். நாங்கள் எங்கே தங்குவோம் என்பது எங்களுக்கே உறுதியாகத் தெரியாத நிலையில், இதை மட்டும் நம்ப மனம் வரவில்லை.

ஆக, மூன்றாவது வழியை முதன்மையாகவும், நான்காவதைத் துணையாகவும் கொண்டோம். 60 சென்டிமீட்டர் டிஷ், இரும்பு முக்காலி, ஃப்ரீ டிஷ் செட்டாப் பெட்டி, இருபது மீட்டர் ஆர்.ஜி. 6 கம்பி, கோளின் அலையைக் காட்டும் சிறு அளவுமானி, திசைகாட்டி ஆகியவையே எங்கள் சாமான்கள். ஃப்ரீ டிஷ்ஷில் மாதக் கட்டணம் இல்லை. அதில் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை கிடைக்கிறது. நெடுங்காலம் ‘பொதிகை’ என்று நாம் அழைத்த அந்த அலைவரிசை, 2024 ஜனவரியிலிருந்து ‘டி.டி. தமிழ்’ என்னும் பெயரில் வருகிறது. வானொலி நிலையங்கள் பலவும் அதே பெட்டியில் கேட்கலாம். தனியார் தமிழ் அலைவரிசைகள் அதில் குறைவு. அவை கட்டாயம் வேண்டும் என்போர் கட்டணச் சேவைக்குச் செல்ல வேண்டியிருக்கும். அப்பொழுது, வீட்டு முகவரிக்குத் தந்த இணைப்பை வண்டியில் எடுத்துச் செல்லலாமா என்பதை அந்நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை.

இனி டிஷ்ஷைத் திருப்பும் கலை. ‘ஒருமுறை கற்றுக்கொண்டால் எங்கும் அதே திசைதானே’ என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது பிழை. நிக்டியில் நின்று பார்த்தால் ஜிசாட்-15 வடக்கிலிருந்து வலமாக 132 பாகையில், அதாவது ஏறத்தாழத் தென்கிழக்கில், அடிவானிலிருந்து 59 பாகை உயரத்தில் இருக்கிறது. ஹூப்ளியில் அது 129 பாகை திசையும் 62 பாகை உயரமும் ஆகிறது. திருநெல்வேலியை அடையும்போது திசை 118 பாகையாகி, உயரம் 69 பாகையாகிவிடுகிறது. தெற்கே செல்லச் செல்ல, கோள் தலைக்கு மேலே ஏறுவதுபோலவும், கிழக்கே ஒதுங்குவதுபோலவும் தோன்றும். டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் முகப்பையும் அதற்கேற்பச் சற்றுத் திருக வேண்டும். இந்த எண்களை ஊர்வாரியாக ஒரு தாளில் எழுதிச் செட்டாப் பெட்டியின்மேல் ஒட்டிக்கொண்டோம். இதைவிடப் பயன்தந்த பொருள் வேறில்லை.

இத்துடன் நினைவில் வைக்கவேண்டிய நுட்பங்கள் சில உள. திசைகாட்டியை வண்டிக்கு அருகில் வைத்துப் பார்க்கலாகாது. வண்டியின் இரும்பு அதன் முள்ளை இழுத்துவிடும். பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். நம் டிஷ்ஷின் முகப்பு நடுவில் இல்லாமல் கீழ்ப்புறமாக ஒதுங்கியிருப்பதால், டிஷ் உண்மையில் நோக்கும் உயரத்தைவிடத் தாழ்வாக நோக்குவதுபோலவே கண்ணுக்குப் படும். கண்ணை நம்பாமல் பின்புறத்திலுள்ள அளவுகோலை நம்ப வேண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ் வானில் சுமார் 3 பாகை அகலமுள்ள பகுதியையே காண்கிறது. பக்கத்திலேயே 91.5 பாகையிலும் 95 பாகையிலும் வேறு தொலைக்காட்சிக் கோள்கள் இருக்கின்றன. அளவுமானி துள்ளியும் நமக்குரிய காட்சி வரவில்லையாயின், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டோம் என்று பொருள். நூலிழை அளவு திருப்பினால் போதும்.

மரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. 59 பாகை உயரத்தை நோக்கும் டிஷ்ஷுக்குத் தென்கிழக்கே 10 மீட்டர் உயரமுள்ள மரம் இருந்தால், டிஷ் அதிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மற்றத் திசைகளில் எத்தனை மரம் இருந்தாலும் கவலையில்லை. ஆகவே தங்குமிடம் தேடும்போது வானம் முழுவதையும் பார்க்க வேண்டாம். தென்கிழக்கு மூலையை மட்டும் பார்த்தால் போதும்.

மின்சாரமும் எண்ணிப் பார்க்கவேண்டியதே. 12 வோல்ட்டில் இயங்கும் 24 அங்குலத் திரையும் செட்டாப் பெட்டியும் சேர்ந்து சுமார் 40 வாட் கொள்ளும். நான்கு மணி நேரத்திற்கு 13 அல்லது 14 ஆம்பியர்-மணி ஆகும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியின் பாதியை மட்டுமே செலவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று இரவுகளுக்குத் தாங்கும். ஆனால் வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து இதற்கு மின்சாரம் எடுக்கலாகாது. காலையில் வண்டி புறப்பட மறுக்கும். வாழ்வறைக்குத் தனி பேட்டரி இருக்கிறதா என்பதை வண்டி அமர்த்தும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். திரையை ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைப்பதும், வண்டி ஓடும்போது அணைத்துவிடுவதும் உயிர்க்காப்பான விதிகள்.

பயணம் எவ்வாறு நடந்தது என்று கேட்பீர்கள். முதல் இரவு கோலாப்பூருக்கு அருகில். டிஷ்ஷை நிறுத்த எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் பாட்டியம்மாள் கலங்கத் தொடங்கிவிட்டார். தமிழ்ச் செய்தி வாசிப்பவரின் முகம் திரையில் தோன்றியதும், “இவ நம்ம ஊர்க்காரியா?” என்று கேட்டுவிட்டு அமைதியடைந்தார். அன்று நாங்கள் ஒன்று கற்றோம். வெளிச்சம் இருக்கும்போதே தங்கிவிட வேண்டும். அந்திக்கு முன்னரே காட்சி ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் இரவு ஹூப்ளியில் பெருமழை. நுண்ணலையாகிய கேயூ அலையை மழைத்துளி விழுங்கிவிடும். திரை கட்டங்கட்டமாக உடைந்து, பின்பு இருண்டது. டிஷ் 90 சென்டிமீட்டராக இருந்திருந்தால் சற்றுத் தாங்கியிருக்கும். அத்தகைய கனமழைக்கு அதுவும் முழு மருந்தன்று. கைப்பேசியில் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியைத் திறந்து ஆகாஷ்வாணியின் தமிழ் ஒலிபரப்பை வைத்தோம். ஒலிக்கு மிகச் சிறிதளவு இணையமே போதுமாகையால், அந்த மழையிலும் அது தடையின்றி வந்தது. திரை இல்லையே என்று பாட்டியம்மாள் கேட்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே உறங்கிவிட்டார். பல்லாயிரம் ரூபாய்க் கருவியைப் பற்றி நாங்கள் செய்த ஆராய்ச்சிகளெல்லாம் அன்றிரவு சிறிது வெட்கமடைந்தன.

மூன்றாம் நாள் துமக்கூரில் பத்து நிமிடத்தில் காட்சி வந்துவிட்டது. நான்காம் நாள் மாலை கிருஷ்ணகிரிக்கு அருகில், ஒரு தேநீர்க் கடையை ஒட்டித் தங்கினோம். வழக்கம்போல் டிஷ்ஷை நிறுத்தி, தொலைக்காட்சியைத் திறந்தோம். சிறிது நேரம் பார்த்த பாட்டியம்மாள் தம் மகளை அழைத்தார்.

“ஏட்டி, அதை நிறுத்து. சன்னலைத் திற. வெளிய ஆளுக பேசுறது கேக்கு.”

கடை வாசலில் நான்கைந்து பேர் தக்காளி விலையைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டியம்மாள் அரை மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் கலங்கவில்லை. அதன்பின் ஊர் போய்ச் சேரும் வரை டிஷ்ஷை நாங்கள் இறக்கவே இல்லை. திரும்பி வரும் வழியில்தான் அது மீண்டும் வேலைக்கு வந்தது.

வண்டியில் தொலைக்காட்சி அமைக்க எண்ணும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். ஆண்டிற்கு ஓரிருமுறை செல்பவர்களுக்கு முக்காலி டிஷ்ஷே ஏற்றது. ஆண்டு முழுவதும் சாலையிலேயே வாழும் தொழிலினருக்குக் கூரை அமைப்புத் தகும். எதை வாங்கினாலும், புறப்படுவதற்குமுன் வீட்டு வாசலிலேயே இரண்டு மூன்று முறை நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள். மழைக்காலமாயின் ஒலியை மட்டும் தரும் துணைவழி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மார்ச்சு மாத நடுவிலும் அக்டோபர்த் தொடக்கத்திலும் சில நாட்கள், கதிரவன் கோளின் பின்னே வந்து நிற்கும் சில நிமிடங்களுக்குக் காட்சி மறையும். கருவி பழுதாயிற்றென்று அஞ்சிக் கழற்றிவிடாதீர்கள்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக, இது யாருக்காக, எந்த வேளைக்காக என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளின் பொழுதுபோக்கிற்கு ஒரு விடை. பந்தய ஆட்டம் பார்ப்பதற்கு ஒரு விடை. அந்தியில் தமிழ்க் குரல் கேட்டால்தான் உறங்குவேன் என்னும் முதியவருக்கு வேறொரு விடை. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், கருவியைத் தேர்ந்தெடுப்பது அத்தனை கடினமன்று.